தொப்பியைத் தட்டிவிடும் கணவர், கல் குவாரியில் கியூபா: 75 வருஷம் யாரும் பார்க்காத ஆர்சன் வெல்ஸின் 'கலாய்' படம்

உலக சினிமாவின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் 'சிட்டிசன் கேன்' அதில் இருக்கும். 1941-ல் வெளியான அந்தப் படத்தை இயக்கி, தயாரித்து, நாயகனாகவும் நடித்த ஆர்சன் வெல்ஸுக்கு அப்போது வயது 25 முடிந்து 26 ஆரம்பம். கேமராவையே தொட்டுப் பார்க்காத ஒரு நாடகக்கார இளைஞர், நேராக ஹாலிவுட்டுக்குப் போய் முதல் படத்திலேயே வரலாறு படைத்தார் என்றுதான் பல காலமாகச் சொல்லப்பட்டு வந்தது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது உண்மையில்லை.

அதற்கு மூன்று வருஷம் முன்பே, தன் நாடகக் குழு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் தெருக்களிலும் மொட்டை மாடிகளிலும் ஒரு படம் எடுத்திருந்தார் வெல்ஸ். பழைய மௌனப் பட காமெடிகளைக் கிண்டல் செய்யும் படம். தியேட்டரில் ஓட்டுவதற்காக அல்ல, மேடையில் நேரடியாக நடக்கும் ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு நடுவே காட்டுவதற்காக. பெயர் 'டூ மச் ஜான்சன்'. திட்டமிட்டபடி அது ஒரு நாள் கூட ஓடவில்லை. தீயில் எரிந்துவிட்டது என்று நம்பியபடியே வெல்ஸ் 1985-ல் இறந்தும் போனார். பிறகு இத்தாலியில் ஒரு கிடங்கில் அந்தப் படச்சுருள்கள் கிடைத்தன.

யார் இந்த வெல்ஸ்?

1915 மே 6-ம் தேதி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் பிறந்தவர். அப்பா ரிச்சர்ட், சைக்கிள் விளக்கு ஒன்றைக் கண்டுபிடித்து நன்றாகச் சம்பாதித்தவர், பிறகு குடிக்கு அடிமையானவர். அம்மா பியாட்ரிஸ் பியானோ கலைஞர். மகனின் ஒன்பதாவது பிறந்தநாள் முடிந்த நான்காம் நாள் அம்மா இறந்தார். பதினைந்து வயதில் அப்பாவும் போய்விட்டார்.

வுட்ஸ்டாக் என்ற ஊரிலிருந்த டாட் பள்ளிதான் பையனைத் தாங்கியது. அங்கிருந்த ஆசிரியர் ரோஜர் ஹில், நாடகம் போடுகிறேன் என்றால் மேடையைத் திறந்துவிடுகிற வகை. படிப்பை முடித்ததும் கல்லூரிக்குப் போகாமல் அயர்லாந்துக்குக் கிளம்பிவிட்டார் வெல்ஸ். டப்ளினில் கேட் தியேட்டர் வாசலில் போய் நின்று, தான் நியூயார்க்கில் பெரிய நடிகர் என்று ஒரே போடாகப் போட்டார். அப்போது வயது பதினாறு! அந்தத் தியேட்டரை நடத்தியவர்கள் அதை நம்பவில்லை, ஆனாலும் வேஷம் கொடுத்தார்கள். 1931 அக்டோபரில் அங்கே மேடையேறினார்.

கிண்டலில் ஆரம்பித்த கேமரா

1934 கோடையில் தன் பழைய பள்ளியிலேயே ஒரு நாடக விழா நடத்தினார் வெல்ஸ். அந்த நாட்களில் நண்பர் வில்லியம் வான்ஸ் என்பவருடன் சேர்ந்து, சின்ன 16 எம்எம் கேமராவில் எட்டு நிமிஷப் படம் ஒன்றை எடுத்தார்கள். பெயர் 'தி ஹார்ட்ஸ் ஆஃப் ஏஜ்'. வெல்ஸ் முகம் முழுக்க மேக்கப் அப்பிக்கொண்டு கிழவனாக வருவார். விழாவுக்கு வந்திருந்த வர்ஜினியா நிக்கல்சன் என்ற இளம்பெண் கிழவி வேஷம் போட்டிருப்பார். மணி அடிக்கிறது, கிழவி ஆடுகிறாள், சவப்பெட்டி வருகிறது. தலையும் புரியாது, வாலும் புரியாது.

புரியக் கூடாது என்பதுதான் விஷயமே. அந்தக் காலத்தில் பிரான்ஸிலிருந்து வந்த சர்ரியலிசப் படங்களை, குறிப்பாக ழான் காக்தோவின் 'கவிஞனின் ரத்தம்' படத்தைக் கிண்டலடிக்கத்தான் இதை எடுத்ததாகப் பின்னாளில் வெல்ஸ் விளக்கம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் எடுத்து முடித்த விளையாட்டு, அவ்வளவுதான் என்பார். அதே வருஷக் கடைசிக்குள் வர்ஜினியாவும் வெல்ஸும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

23 வயதில் 'டைம்' அட்டைப்படம்

அடுத்த நான்கு வருஷங்களில் நடந்ததைக் கேட்டால் தலை சுற்றும். 1936-ல், பொருளாதார மந்தக் காலத்தில் கலைஞர்களுக்கு வேலை கொடுக்க அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ், முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களை வைத்து ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தை ஹார்லெமில் போட்டார். 1937-ல் 'தி க்ரேடில் வில் ராக்' என்ற இசை நாடகம் அரங்கேற இருந்த அரங்கை அரசு பூட்டியபோது, கூட்டத்தையே நடத்திக்கொண்டு போய் வேறு தியேட்டரில் நிகழ்த்தினார். அதே ஆண்டு ஜான் ஹவுஸ்மேன் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து 'மெர்குரி தியேட்டர்' என்ற சொந்தக் குழு. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை முசோலினி காலத்து ராணுவ உடையில் போட்டு நியூயார்க்கைத் திரும்பிப் பார்க்க வைத்தது அந்தக் குழு.

நடுவே வானொலி வேலைகள் வேறு. ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு டிராஃபிக்கில் மாட்டாமல் போக ஆம்புலன்ஸை வாடகைக்கு எடுத்தேன் என்று அவரே சொல்லிக்கொண்ட கதை ரொம்பப் பிரபலம். (வெல்ஸ் தன்னைப் பற்றிச் சொன்ன கதைகளை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கதை சொல்வதுதானே அவர் தொழில்.) 1938 மே 9 தேதியிட்ட 'டைம்' பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. 23 வயது நிறைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

இந்த வேகத்தில்தான் 'டூ மச் ஜான்சன்' யோசனை வருகிறது.

மேடை பாதி, சினிமா பாதி

'டூ மச் ஜான்சன்' வில்லியம் ஜில்லெட் 1894-ல் எழுதிய பழைய காமெடி நாடகம். கதை இதுதான். நியூயார்க்கில் பில்லிங்ஸ் என்று ஒருவர், இன்னொருவரின் மனைவியோடு பழகுகிறார். நம்ம ஊர் செய்தித் தலைப்பு பாணியில் சொன்னால் கள்ளக்காதல். அவளிடம் தன் பெயரை ஜான்சன் என்று சொல்லி வைத்திருக்கிறார். கணவருக்கு விஷயம் தெரிந்ததும் தப்பி ஓடி, கியூபாவுக்குப் போகும் கப்பலில் ஏறுகிறார். கணவரும் விடாமல் அதே கப்பலில் ஏறுகிறார். கியூபாவில் போய் இறங்கினால் அங்கே நிஜமாகவே ஒரு ஜான்சன் இருக்கிறார். அப்புறம் ஒரே ஆள் மாறாட்டக் குழப்பம்.

நாடகத்தில் முன்கதையைப் புரியவைக்க பாத்திரங்கள் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். வெல்ஸ் அந்த வசனங்களை வெட்டிவிட்டு, அதற்குப் பதில் படம் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். நாடகம் தொடங்கும் முன் சுமார் 20 நிமிஷப் படம், அடுத்த இரண்டு அங்கங்களுக்கு முன் சுமார் பத்துப் பத்து நிமிஷம். திரையில் துரத்தல் முடிந்து ஆள் கப்பலில் ஏறியதும் திரை விலகும், அதே நடிகர் மேடையில் கப்பல் தளத்தில் மூச்சு வாங்கி நிற்பார். இன்றைக்கு மேடைக் காமெடி நிகழ்ச்சிகளில் திடீரென எல்இடி திரையில் வீடியோ ஓடுகிறதே, கிட்டத்தட்ட அதேதான். வருஷம் மட்டும் 1938.

அந்தப் படத்தை எந்தப் பாணியில் எடுப்பது? சினிமா பேச ஆரம்பித்துப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. மேக் சென்னட்டின் கீஸ்டோன் போலீஸ் காமெடிகள், உயரமான கட்டடத்தில் தொங்கும் ஹெரால்ட் லாயிட் படங்கள் எல்லாம் பழசு. அந்தப் பழசைத்தான் வெல்ஸ் கையில் எடுத்தார். பேச்சு கிடையாது, மிகையான முகபாவம், கண்டபடி ஓட்டம்.

சம்பளம் முக்கியமில்லை, ஆள் வந்தால் போதும்

1938 ஜூலையில் சுமார் பத்து நாள் படப்பிடிப்பு. பில்லிங்ஸாக ஜோசப் காட்டன். துரத்தும் கணவராக எட்கர் பேரியர். மனைவியாக ஆர்லின் பிரான்சிஸ். வர்ஜினியாவுக்கும் ஒரு வேஷம் உண்டு, வேறு பெயரில். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமா? தயாரிப்பாளர் ஹவுஸ்மேனே வேஷம் கட்டினார். இசையமைப்பாளர் மார்க் பிளிட்ஸ்டைனும் வந்து நின்றார். செய்திப்பட வேலை தெரிந்த ஹாரி டன்ஹாம் கேமரா. நகரமே செட்.

இதில் ஒரு காமெடியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மனைவியிடமிருந்த காதலனின் போட்டோவைப் பிடுங்கும்போது அது கிழிந்து, கணவர் கையில் மேல் பாதி மட்டும் மிஞ்சுகிறது. நெற்றியும் தலைமுடியும்தான் தெரியும். அந்தக் காலத்தில் தெருவில் போகும் ஆண்கள் எல்லாரும் தொப்பி போட்டிருப்பார்கள். தலையைப் பார்க்காமல் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? கணவர் மன்ஹாட்டன் தெருவில் எதிரே வரும் ஒவ்வொருவர் தொப்பியையும் தட்டித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறார். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கத் தொப்பி. ஒற்றை வார்த்தை வசனம் இல்லாமல் வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற இடம் அது.

இன்னொரு பக்கம் மொட்டை மாடித் துரத்தல். கட்டட விளிம்புகளில் ஓடுவதும் தொங்குவதும் டூப் இல்லாமல் காட்டனே செய்தது. காய்கறிச் சந்தையான வாஷிங்டன் மார்க்கெட்டில் கூடைகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஒளிந்து விளையாட்டு. கியூபா? அதற்கெல்லாம் எங்கே காசு. நியூயார்க் மாநிலத்திலேயே ஹேவர்ஸ்ட்ரா என்ற இடத்திலிருந்த கல் குவாரியில் சில பனை மரங்களை நட்டு வைத்து, இதுதான் கியூபா என்று எடுத்துவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது டூப்பு என்று தெரியும். தெரிய வேண்டும் என்றே எடுத்த மாதிரிதான் இருக்கிறது.

அப்படியானால் ஏன் காட்டவில்லை?

எடுத்த ஃபிலிம் சுமார் 25,000 அடி. அதை வெட்டி ஒட்டும் வேலையை செயின்ட் ரீஜிஸ் ஹோட்டலில் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார் வெல்ஸ். எடிட்டிங் மெஷினைக் கொண்டுவந்து போட்டு, அறை முழுக்கப் படச்சுருள் பரவிக் கிடக்க, இரவு பகலாக உட்கார்ந்தார். இந்த வேலை அவரை அப்படியே இழுத்துக்கொண்டது. இன்னொரு பக்கம் நாடக ஒத்திகை நடக்க வேண்டும். ஜூலை 11 முதல் வாரா வாரம் மெர்குரி குழுவின் வானொலி நாடகமும் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. எதற்கும் நேரம் போதவில்லை.

ஆகஸ்ட் 16-ம் தேதி கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டோனி க்ரீக் என்ற கடலோர ஊரின் சின்னத் தியேட்டரில் நாடகம் அரங்கேறியது. இரண்டு வாரம் வெள்ளோட்டம், பிறகு நியூயார்க் பிராட்வே என்பது திட்டம். ஆனால் படம் இல்லாமலேயே திரை விலகியது.

காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எடிட்டிங் முடியவில்லை. பணமும் தீர்ந்திருந்தது. அதே நாடகத்தை முன்பே மௌனப் படமாக எடுத்திருந்த பாரமவுண்ட் நிறுவனம் திரைப்பட உரிமை தன்னுடையது என்றது. இதெல்லாம் போதாதென்று, அந்தத் தியேட்டரே படம் காட்ட லாயக்கில்லை. அன்றைய ஃபிலிம் நைட்ரேட் வகை. சட்டென்று தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. அதனால் புரொஜெக்டரைத் தீப்பிடிக்காத தனி அறைக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கோடைக்கால நாடகக் கொட்டகைக்கு அதெல்லாம் ஏது.

விளைவு? முன்கதை வசனங்களை வெட்டியாச்சு, அதற்குப் பதிலாக வர வேண்டிய படமும் வரவில்லை. யார் யாரை எதற்குத் துரத்துகிறார்கள் என்றே தெரியாமல் ஜனங்கள் விழித்தார்கள். பிராட்வே திட்டம் கைவிடப்பட்டது. பத்து நாள் வெயிலில் ஓடியவர்களின் உழைப்பு டப்பாக்களில் அடைந்தது. தோல்விக்குப் பிறகு வெல்ஸ் ஹோட்டல் அறையில் படுத்த படுக்கையாகிவிட்டதாக ஹவுஸ்மேன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இதில் வெல்ஸ் மீது தப்பே இல்லை என்று சொல்ல முடியாது. நாடகம் போகும் தியேட்டரில் படம் ஓட்ட வசதி உண்டா என்று முதலில் பார்த்திருக்க வேண்டாமா? ஒரே நேரத்தில் நாலு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வதும், பிடித்த ஒன்றில் மூழ்கி மற்றதைக் கோட்டை விடுவதும் கடைசி வரை அவரைத் துரத்திய பழக்கம். அதன் முதல் பெரிய அடி ஸ்டோனி க்ரீக்.

பத்தே வாரத்தில் தலைகீழ்

அக்டோபர் 30 இரவு, செவ்வாய் கிரகவாசிகள் பூமியைத் தாக்குவதாகச் செய்தி அறிக்கை பாணியில் மெர்குரி குழு போட்ட 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' வானொலி நாடகத்தை நிஜம் என்று நம்பிச் சிலர் பயந்தார்கள். அமெரிக்காவே தெருவுக்கு ஓடிவந்தது என்று பத்திரிகைகள் எழுதியது மிகை என்பது பிறகு வந்த ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் அந்த மிகைதான் வெல்ஸை நாடறிந்த பெயராக்கியது. யோசித்தால் அதுவும் ஒரு போலிதான், செய்தி அறிக்கையின் போலி.

1939-ல் மேடையும் படமும் கலந்த வித்தையை இன்னொரு முறை முயன்றார். 'தி கிரீன் காடஸ்' என்ற பழைய நாடகத்தைச் சுருக்கி ஊர் ஊராகப் போட்டபோது, ஆரம்பத்தில் இமயமலையில் விமானம் விழுவதாக ஒரு படத்துண்டு. அந்த வருஷ ஆகஸ்டில் ஆர்கேஓ ஸ்டூடியோவோடு ஒப்பந்தம். எழுத, இயக்க, நடிக்க, இறுதி எடிட்டிங்கைத் தீர்மானிக்க, புது ஆள் ஒருவருக்கு ஹாலிவுட் அதுவரை கொடுக்காத சுதந்திரம்.

அப்படி வந்ததுதான் 'சிட்டிசன் கேன்'. அதன் தொடக்கத்தில் கேன் என்ற பணக்காரரின் மரணத்தைச் சொல்லும் செய்திப்படம் ஒன்று ஓடும், ஞாபகம் இருக்கா? அது அன்று தியேட்டர்களில் காட்டப்பட்ட 'மார்ச் ஆஃப் டைம்' செய்திப்படங்களின் அச்சு அசல் கிண்டல். அதே பெயரில் வந்த வானொலி நிகழ்ச்சியில் வெல்ஸே குரல் கொடுத்திருக்கிறார், அதனால் அந்த ஆர்ப்பாட்டமான பாணி அவருக்கு அத்துபடி. பழைய படம் மாதிரி தெரிய வேண்டும் என்று புத்தம் புது ஃபிலிமைத் தேய்த்துக் கீறல் விழ வைத்தார்கள். பழைய சினிமாவைப் போலச் செய்யும் அந்தக் கை எங்கே பழகியது? செயின்ட் ரீஜிஸ் ஹோட்டல் அறையில்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். கேனின் நண்பர் லீலாண்டாக நடித்தவர், மொட்டை மாடியில் தொங்கிய அதே காட்டன்.

அதன் பிறகு வந்த நாற்பது வருஷக் கதை பலருக்குத் தெரிந்ததுதான். இரண்டாவது படம் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்', வெல்ஸ் பிரேசிலில் இருந்தபோது ஸ்டூடியோவால் வெட்டப்பட்டது. ஐரோப்பாவில் நடித்துச் சம்பாதித்து, அந்தக் காசில் சொந்தப் படம் எடுத்தார். 'ஒதெல்லோ' 1952-ல் கேன்ஸ் விழாவின் உயரிய பரிசை வாங்கியது. காட்டன் நட்பு மட்டும் விட்டுப்போகவில்லை. 1949-ல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்தில் வியன்னாவின் பாதாளச் சாக்கடையில் வெல்ஸைத் துரத்துகிறவர்களில் காட்டனும் ஒருவர். 1938-ல் ஓடியவர், இப்போது துரத்துகிறார்!

கிண்டல் படப் பழக்கமும் போகவில்லை. 1970-களில் நண்பர்களை வைத்துக் கையிலிருந்த காசுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த 'தி அதர் சைட் ஆஃப் தி விண்ட்' படத்துக்குள் இன்னொரு படம் ஓடும். யாரும் பேசாமல் நடந்துகொண்டே இருக்கும் அந்தப் படம், அன்றைய ஐரோப்பியக் கலைப்படங்களை, முக்கியமாக அந்தோனியோனியைக் கலாய்ப்பது. 1934-ல் காக்தோவுக்குச் செய்ததை அறுபதை நெருங்கும் வயதில் அந்தோனியோனிக்குச் செய்தார். அந்தப் படத்தையும் அவர் முடிக்கவில்லை. மற்றவர்கள் முடித்து 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது.

எரிந்த படம் எப்படி வந்தது?

'டூ மச் ஜான்சன்' சுருள்களை வெல்ஸ் தன்னிடம்தான் வைத்திருந்தார். 1970 ஆகஸ்டில் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட் அருகே இருந்த அவரது வீட்டில் தீ விபத்து. இருந்த ஒரே பிரதி அதில் போய்விட்டது என்று அவரும் நம்பினார், சினிமா ஆராய்ச்சியாளர்களும் அப்படியே எழுதினார்கள். 1985 அக்டோபர் 10-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் தன் 70-வது வயதில் வெல்ஸ் இறந்தார். காட்டன் 1994-ல் காலமானார்.

2008-ல் வட இத்தாலியில் போர்டெனோனே என்ற ஊரின் கிடங்கு ஒன்றில் பழைய ஃபிலிம் டப்பாக்கள் கிடைத்தன. உள்ளே பத்து ரீல்கள். அது வெல்ஸே வெட்டி ஒட்டிய வேலைப் பிரதி என்பது பிறகு உறுதியானது. இத்தனைக்கும் போர்டெனோனே சாதாரண ஊர் இல்லை, வருஷா வருஷம் உலகின் முக்கியமான மௌனப் பட விழா நடக்கும் ஊர். மௌனப் படத்தைக் கலாய்த்து எடுத்த படம் அங்கேயே போய்க் கிடந்திருக்கிறது. நைட்ரேட் ஃபிலிம் காலப்போக்கில் தானாகவே மக்கிப்போகும். ஒரு ரீல் ரொம்பவே கெட்டிருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் காப்பகத்தில் சீரமைத்து, 2013 அக்டோபர் 9-ம் தேதி அதே போர்டெனோனே விழாவில் முதல்முறையாகத் திரையிட்டார்கள். மறுநாள் வெல்ஸின் நினைவு நாள்.

2014-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பாதுகாப்பு அறக்கட்டளை இதை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்று கிடைத்தபடியே 66 நிமிஷம், அதில் ஒரே ஷாட் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் எதை வைப்பது எதை வெட்டுவது என்று வெல்ஸ் இன்னும் முடிவு செய்யவில்லை. இன்னொன்று, இப்படி இருந்திருக்கலாம் என்று யூகித்து வரிசைப்படுத்திய 34 நிமிஷ வடிவம். புதிதாகப் பார்க்கிறவர்கள் 34 நிமிஷத்திலிருந்து ஆரம்பிப்பது நல்லது. தொப்பிக் காட்சி முதல் பகுதியிலேயே வந்துவிடும்.